பேரனுக்குக் கொடுக்கும் மருந்து

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் 30 வாரத்திலேயே பிறந்துவிட்டான், எடை 1.4 கிலோ என்று படித்ததும் உன் மகள் நினைப்புதான் வந்தது. அவளுக்குத் தையல் ஆறிவிட்டதா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லையே.

பச்சைப் பிள்ளைக்குக் காஃபினா, அதுவும் நாளுக்கு ஒரே வேளையா என்று பதறியிருக்கிறாய். பதறாதே. குறைமாதப் பிள்ளைகளுக்கு நடுநடுவே மூச்சு நின்றுவிடும், அதைத் தூண்டத்தான் அந்த மருந்து. நாம் குடிக்கிற காபியின் காஃபினில் பாதியை நம் கல்லீரல் சுமார் 5 மணி நேரத்தில் உடைத்துவிடும். உன் பேரனின் கல்லீரலுக்கு அந்த வேலை இன்னும் பழகவில்லை. மருந்தில் பெரும்பகுதி அப்படியே சிறுநீரில்தான் போகவேண்டும், பாதி போகவே மூன்று நான்கு நாளாகும். அதனால்தான் முதலில் கிலோவுக்கு 20 மில்லிகிராம், பிறகு தினமும் 5. அவன் எடைக்கு 7 மில்லிகிராம் வரும். எங்கள் வார்டு மருந்தில் அது 0.35 மில்லி. சிரிஞ்சில் அந்தக் கோட்டை இரண்டு நர்ஸ்கள் பார்த்த பிறகுதான் கொடுப்போம்.

எடை சின்னது, ஆகவே மருந்தும் அதே விகிதத்தில் குறையும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தொற்றுக்குப் போடும் ஜென்டாமைசின் ஊசியைப் பார். பிறந்த குழந்தையின் உடம்பில் முக்கால் பங்குக்கு மேல் நீர். இந்த மருந்து நீரில் பரவுவது, அதனால் கிலோ கணக்கில் பார்த்தால் அளவு குறைவாக இருக்காது. ஆனால் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்வதால் அடுத்த ஊசிக்கு 36 மணி நேரம், சிலருக்கு 48 மணி நேரம்கூடக் காத்திருப்போம். ஓரிரு வாரத்தில் சிறுநீரகம் வேகம் பிடித்ததும் இடைவெளியைக் குறைப்பார்கள். போன வாரக் கணக்கு இந்த வாரம் செல்லாது.

இதெல்லாம் தெரியாத காலத்தில் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமலிருக்கக் குளோராம்பெனிகால் கொடுத்தார்கள். கல்லீரலால் அதை மாற்றி வெளியேற்ற முடியவில்லை. வயிறு உப்பி, உடம்பு சாம்பல் நிறமாகி, எத்தனையோ பிள்ளைகள் போய்விட்டன. 1959இல்தான் காரணம் மருந்து என்று மருத்துவர்கள் எழுதினார்கள். படிக்கும் காலத்தில் அந்தப் பாடம் என்னைத் தூங்கவிடவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒன்று கவனி. பெரியவனுக்கு வாங்கிய பாராசிட்டமாலை இவனுக்கு ஊற்றவேண்டாம். சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம், சாதாரண சிரப்பில் 25தான். பெயர் ஒன்றுதான், மாறிப்போனால் நாலு மடங்கு. 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் மருந்து தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.

வாராவாரம் எடை போட்டதும் எழுது. மகளை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சாந்தி