மொட்டைமாடி ஸ்டேஷனிலிருந்து

பொன்மலை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அம்மாவும் நானும் நலம். உன் நலமும் மாப்பிள்ளையின் நலமும் அறிய ஆவல். சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ ஹாம்பர்க்கிலிருந்து பேசியபோது, தினமும் சாயங்காலம் மூன்று மணி நேரம் மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து பொம்மை ரயிலைப் பற்றிப் பேச அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டாய். ஏதோ பேசிக்கொண்டிருப்போம் என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அப்படிச் சொன்னது எனக்கே பிடிக்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டராக 38 ஆண்டுகள் டிரெயின் ரிஜிஸ்டரில் வண்டி வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதியே பழகிய கை என்னுடையது. வாயால் சொல்ல வராதது எழுத உட்கார்ந்தால் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர் என்பது உனக்குத் தெரியும். நான், நீராவிக் காலத்திலிருந்து வண்டி ஓட்டிய டிரைவர், தண்டவாளப் பராமரிப்பைப் பார்த்த இன்ஸ்பெக்டரான பி.டபிள்யூ.ஐ., கணக்கு வாத்தியார், வயர்மேன் தம்பி. பல் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு எட்டு மணிக்கு மேல்தான் தலைகாட்டுவார் என்பதால் அவரை நாங்கள் முழு ஆளாகக் கணக்கில் வைப்பதில்லை. ஆனால் தேய்ந்துபோன பல் குடையும் ஊசிகளை அவர் கொண்டுவந்து கொடுத்திராவிட்டால் எங்கள் இன்ஜினில் பாதி வேலை நடந்திருக்காது. அத்தனை மெல்லிய, அத்தனை உறுதியான கருவி திருச்சியில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்காது.

எட்டுக்கு நாலு ப்ளைவுட் பலகை இரண்டை எல் வடிவத்தில் சேர்த்துப் போட்டிருக்கிறோம். அதன் மேல் 1970-களின் மீட்டர் கேஜ் ஸ்டேஷன், அதாவது தண்டவாள இடைவெளி ஒரு மீட்டரே இருந்த பாதையின் ஸ்டேஷன் ஒன்று, மாதிரியாக இருக்கிறது. 1992-இல் பாதைகளை ஒரே அகலமாக்கும் யூனிகேஜ் திட்டம் வந்த பிறகு அந்தப் பாதைகள் ஒவ்வொன்றாக அகலமாகிவிட்டன. வண்டி வரலாம் என்று நான் லைன் கிளியர் கொடுத்த ஸ்டேஷன்களில் ஒன்றுகூட அன்றிருந்த உருவில் இன்று இல்லை. எந்த நிஜ ஊரையும் வைத்தால் "அங்கே வேப்பமரம் இந்தப் பக்கம் அல்லவா இருந்தது" என்று ஆளுக்கு ஆள் சண்டை வரும் என்பதால், இல்லாத ஊர் ஒன்றுக்கு நல்லூர் ரோடு என்று பெயர் வைத்தோம். ஸ்டேஷன் பெயரில் ரோடு என்று இருந்தால் ஊர் அங்கே இல்லை என்று அர்த்தம். கொடைக்கானல் ரோட்டில் இறங்கியவர்களைக் கேட்டுப் பார். ஆகவே ஊரைக் கட்டும் செலவும் எங்களுக்கு மிச்சம்.

முதல் ஆறு மாதம் என்ன பேசினோம் என்றால், அளவைத்தான் பேசினோம். மாதிரி ரயில்களில் உலகத்தில் அதிகம் புழங்கும் ஹெச்.ஓ. அளவு, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. அதற்கான தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நம்முடைய அகலப் பாதையான பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர், அதை 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல் வருகிறது. கடையில் வாங்கும் தண்டவாளத்தில் நம் ஊர் பிராட் கேஜ் பெட்டியை ஏற்றினால், பெரிய வயிற்றுக்காரர் ஒல்லிக் காலில் நிற்பதுபோல் இருக்கும். நூறில் ஒரு பங்காகச் செய்தால் 16.76 வருகிறது, ஏறக்குறைய சரியாகப் பொருந்துகிறது என்று வாத்தியார் ஒரு நாள் சிலேட்டில் போட்டுக் காட்டினார். அப்படியானால் உலகத்தில் விற்கும் மனிதர்கள், மாடுகள், வீடுகள் எதுவுமே அளவில் சேராதே என்று பி.டபிள்யூ.ஐ. மறுக்க, மூன்று நாள் இந்த வாதம் ஓடியது. கடைசியில் மீட்டர் கேஜ்தான் என்று முடிவான பிறகு ஒரு நல்ல சேதி தெரிந்தது. சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே மீட்டர் கேஜ் என்பதால், அதன் மாதிரிகளுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தை உங்கள் பக்கத்துக் கம்பெனிகள் தாராளமாகச் செய்கின்றன. ஆயிரத்தை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை. அரை மில்லிமீட்டரை எங்கள் கண் மன்னித்துவிட்டது. உங்கள் ஊர்ப் பழைய சாமான் சந்தையில் நீ வாங்கி அனுப்பிய, டிடி என்ற இன்னொரு மாதிரி அளவு இன்ஜினும் இதே 12 மில்லிமீட்டரில்தான் ஓடுகிறது. அதன் மேலுடம்பைக் கழற்றிவிட்டு, பி.வி.சி. குழாயில் பாய்லர் செய்து பொருத்தி, அதை ஒய்.பி. என்ற நம் மீட்டர் கேஜ் நீராவி இன்ஜினாக மாற்றியிருக்கிறோம். ஜெர்மன் கால்களில் நம் ஊர் உடம்பு ஓடுகிறது என்று டிரைவர் சொல்வார். உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்பது அம்மாவின் கட்சி.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய ஸ்பான்ஜைப் பச்சைச் சாயத்தில் தோய்த்துக் காயவைத்து மிக்சியில் அரைத்தால் மாதிரி மரங்களுக்கு அருமையான இலை கிடைக்கும். அரைத்தோம். ஒரு வாரம் தேங்காய்ச் சட்னி பச்சையாக வந்தது. அன்றிலிருந்து பழைய மிக்சி எங்களுக்கு, புது மிக்சி அவளுக்கு என்று பாகப்பிரிவினை ஆகிவிட்டது. இருந்தாலும் ஜல்லி ஒட்டும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். தண்ணீர் கலந்த பெவிகாலைச் சொட்டு சொட்டாக விட்டபோது அது ஜல்லிக்குள் இறங்காமல் முத்து முத்தாக மேலேயே நின்றது. பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு துளி கலக்கச் சொன்னாள். கலந்ததும் மண்ணில் மழை இறங்குவதுபோல் இறங்கிவிட்டது. தண்ணீரின் பரப்பு இழுவிசை குறைகிறது என்று வாத்தியார் விளக்கம் சொல்லத் தொடங்கினார். "எண்ணெய்ச் சட்டியில் தினமும் பார்ப்பதுதானே" என்று சொல்லிவிட்டு அவள் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

சென்ற சித்திரையில் ஒரு விபத்து நேர்ந்தது, அதைப் போனில் உன்னிடம் மறைத்துவிட்டேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பகல் முழுவதும் வெந்த தண்டவாளம், மெயின் லைனில் பாம்புபோல் நெளிந்து நின்றது. 18.10 பாசஞ்சர் தடம் புரண்டு, ஒய்.பி. இன்ஜின் பலகையிலிருந்து தரையில் விழுந்து புகைபோக்கி உடைந்தது. பாதை போட்டது நான். இணைப்புகளில் இடைவெளி விடாமல் அழகுக்காக நெருக்கிப் போட்டிருந்தேன். பி.டபிள்யூ.ஐ. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பாதையின் நீளம் முழுவதும் நடந்து பார்த்தார். நீளம் என்றால் எட்டு அடிதான், ஆனால் அவர் எட்டு மைல் நடப்பதுபோலத்தான் நடப்பார். பிறகு, 12 மீட்டர் இரும்புத் தண்டவாளம் 40 டிகிரி சூடு ஏறினால் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நீளும், கேங்மேன்கள் வெயிலில் எதற்காக ரோந்து போனார்கள் என்று நினைத்தீர்கள் என்று கேட்டார். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு பி.டபிள்யூ.ஐ.யிடம் தலைகுனிந்து நிற்பது ரயில்வேயில் அபூர்வமான காட்சி. அவர் அதை அனுபவித்தார் என்றே நினைக்கிறேன். மறுநாள் இருவரும் சேர்ந்து ஒவ்வொரு இணைப்பிலும் விசிட்டிங் கார்டு தடிமனுக்கு இடைவெளி விட்டோம். அந்த வேலை நடந்த இரண்டு மணி நேரத்தில் அவர் தம் முழங்கால் ஆபரேஷனைப் பற்றியும், அதைத் தள்ளிப்போடுவதைப் பற்றியும், மகனிடம் பணம் கேட்கத் தமக்கு இருக்கும் கூச்சத்தைப் பற்றியும் சொன்னார். நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தால் அவர் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார். இருவருமே குனிந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சொன்னார்.

இனி டிரைவர் விஷயம். நீ சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து பொன்மலைச் சந்தைக்குப் போனவள், ஆகையால் உனக்குத் தெரிய வேண்டும். இரண்டு வருடமாக அவருக்குக் கை நடுங்குகிறது. முதலில் சால்டரிங் அயர்னை வயர்மேன் தம்பியிடம் கொடுத்தார். பிறகு பெயின்ட் பிரஷை என்னிடம் கொடுத்தார். வண்டியின் வேகத்தை மாற்றும் கன்ட்ரோலரை மட்டும் கொடுக்கவில்லை. அவர் குமிழைத் திருப்பினால் நடுக்கம் அப்படியே தண்டவாளத்தில் இறங்கும். இன்ஜின் முன்னும் பின்னும் உதறும், பெட்டிகள் ஒன்றோடொன்று மோதும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாதையில் தூசி, சக்கரத்தில் அழுக்கு, மின்சாரம் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணத்தைத் தண்டவாளத்தின் மேல் போட்டுக்கொண்டு, ஸ்பிரிட் தோய்த்த துணியால் அதைத் தினமும் துடைத்துக்கொண்டிருந்தோம்.

சென்ற தடவை நீ கொண்டுவந்த, டிஜிட்டல் முறையில் இன்ஜினுக்குக் கட்டளை அனுப்பும் டிசிசி பெட்டியைப் பொருத்திய பிறகு ஒரு மாலை, வயர்மேன் தம்பி நோட்டும் கையுமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். பழைய முறையில் தண்டவாளத்து மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் வேகத்தை மாற்ற முடியும். இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கிறது. இன்ஜினுக்குள் இருக்கும் சிறு டிகோடர் தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டுகிறது. "சார், பத்துப் பெட்டி பாசஞ்சரை நிலையிலிருந்து எடுத்தால் வேகம் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டான். டிரைவர் ஒரு மணி நேரம் சொன்னார். மழை நாளில் சக்கரம் வழுக்கினால் மணல் விடுவது, நீராவியை விடும் ரெகுலேட்டரைக் கொஞ்சமாகத் திறந்து காத்திருப்பது, ஸ்டேஷன் வருவதற்கு எவ்வளவோ முன்னால் நீராவியை அடைத்துவிட்டு வண்டியை அதன் கனத்திலேயே உருள விடுவது என்று சொல்லிக்கொண்டே போனார். தம்பி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். டிகோடரில் மூன்றாம் எண் அமைப்பு வேகம் ஏறும் நிதானத்துக்கு, நான்காம் எண் வேகம் இறங்கும் நிதானத்துக்கு. இரண்டையும் நன்றாக உயர்த்தி வைத்தான். இப்போது குமிழ் எவ்வளவு நடுங்கினாலும் இன்ஜின் அதைப் பொருட்படுத்துவதில்லை, நிஜ வண்டியின் கனத்தோடு மெல்ல நகர்கிறது. மறுநாள் டிரைவர் ஓட்டினார். ஒய்.பி. ஒரு உதறல்கூட இல்லாமல் நல்லூர் ரோட்டுக்குள் வந்து பிளாட்பாரத்தில் நின்றது. "இப்போதுதான் வண்டி வண்டி மாதிரிப் போகிறது" என்றார். அதற்கடுத்த நாள் தம்பியின் மகளுக்கென்று ஒரு பொட்டலம் அல்வா வாங்கிவந்தார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முந்தாநாள் பல் டாக்டர் ஒரு செய்தி சொன்னார். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மான்ட்டரே நகரில் ஜான் ஆலன் என்று ஒருவர், தம் வீட்டு நிலவறையில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மலையும் பாலமுமாக ஒரு ரயில்பாதையைக் கட்டினாராம். உலகத்து மாதிரி ரயில்காரர்கள் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் தொழில் கற்றார்களாம். 1973 ஜனவரியில் அவர் இறந்தார், சில நாட்களுக்குள் அந்த ரயில்பாதையும் தீப்பிடித்து எரிந்துபோனது. அறையில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு டிரைவர்தான், "நல்லது, பிள்ளைகளுக்குத் தொந்தரவு இல்லை" என்றார். எல்லோரும் சிரித்தோம், ஆனால் அன்று இரவு பத்து மணி வரை யாருக்குப் பிறகு எது யாருக்கு என்றே பேசிக்கொண்டிருந்தோம்.

அதில் என் பங்கை உனக்கு எழுத்தில் தருகிறேன். பலகை இரண்டும் ஆறு போல்ட்டில்தான் இணைந்திருக்கின்றன, கழற்றினால் படிக்கட்டில் இறங்கும். இன்ஜினும் கன்ட்ரோலரும் வயர்மேன் தம்பிக்கு. பாதையை வாத்தியார் தம் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டிருக்கிறார். அப்பாவின் நினைவு என்று இவற்றைப் பெட்டி கட்டி ஹாம்பர்க்குக்குக் கொண்டுபோய் வாடகை வீட்டில் வைத்துக்கொண்டு திண்டாடாதே. அங்கே மினியேச்சர் வுண்டர்லேண்ட் என்ற மாதிரி ரயில் கண்காட்சி இருக்கிறது, ரயில் பார்க்க ஆசை வந்தால் டிக்கெட் எடுத்துப் பார்த்துக்கொள். மஞ்சள் பெயர்ப்பலகையை மட்டும் நீ எடுத்துக்கொள். இரண்டு அங்குல அட்டையில் மூன்று மொழியிலும் நல்லூர் ரோடு என்று நீதான் எழுதினாய். கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று கேட்டபோது, மொட்டைமாடியின் உயரத்தையும் சேர்த்துக்கொள் என்று தம்பி சொல்ல, சிரித்ததில் உன் கை ஆடி 9 என்ற எண் கோணலாகிவிட்டது. திருத்தித் தருகிறேன் என்றாய், நான் விடவில்லை.

தை மாதம் வரும்போது 12 மில்லிமீட்டரில் பாதை இடப்பக்கம் பிரியும் பாயின்ட் இரண்டு, தண்டவாளங்களைப் பிரிக்கும் பிளாஸ்டிக் இணைப்பு ஒரு பாக்கெட், உடைந்த புகைபோக்கிக்குப் பதிலாக ஏதாவது கிடைத்தால் அதுவும் கொண்டுவா. அம்மாவுக்கு வீட்டுக்குள் போட்டுக்கொள்ளக் கம்பளிக் காலுறை வேண்டுமாம், திருச்சியில் அதை எதற்குப் போடப்போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

படிக்கட்டில் டிரைவரின் கைத்தடிச் சத்தம் கேட்கிறது. மணி ஆறு. 18.10-ஐ எடுக்க வந்துவிட்டார். வண்டி புறப்பட அனுமதியாக ஸ்டேஷன் மாஸ்டர் கொடுக்கும் டோக்கனைக் கையில் வாங்காமல் அவர் குமிழைத் தொட மாட்டார். ஒர்க்‌ஷாப் பேரிங்கிலிருந்து எடுத்த இரும்புக் குண்டுதான் எங்கள் டோக்கன், அது என் சட்டைப் பையில் இருக்கிறது. நான் மேலே போக வேண்டும்.

அன்புடன்,
அப்பா