பாட்டுக் கேட்க ஸ்டீரியோவை ஏன் கழற்ற வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையை எங்கள் கம்பம் ஸ்டாண்டில் நாலைந்து டிரைவர்கள் சேர்ந்து படித்தோம். போனில் உள்ள பாட்டை வண்டியில் கேட்க வேண்டுமென்றால் பழைய ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு டச் ஸ்கிரீன் மாட்டுங்கள், அதற்குக் காசு இல்லையென்றால் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கிச் செருகுங்கள் என்று இரண்டே வழி சொல்லி முடித்துவிட்டார் கட்டுரையாளர். மலை ஏறாத ஊரில் இருந்து எழுதினாரோ என்னவோ.

அந்த டிரான்ஸ்மிட்டர் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், நானும் வாங்கி ஏமாந்தவன்தான். சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகும் குட்டி ரேடியோ நிலையம் அது. 88-க்கும் 108-க்கும் நடுவில் காலியாக இருக்கும் ஒரு நம்பரை அதில் வைத்து, ரேடியோவிலும் அதே நம்பரைத் திருப்பினால் பாட்டு வரும். கம்பத்தில் 100.5-ல் கோடை பண்பலை கணீரென்று கேட்கும், அதனால் அந்தப் பக்கமே போகாமல் வேறு நம்பர் வைத்தேன். ஊருக்குள் நன்றாகத்தான் இருந்தது. லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலைச்சாலையில் ஏறினால் ஒரு வளைவில் பாட்டு, அடுத்த வளைவில் மலையாளச் செய்தி, அதற்கடுத்த வளைவில் வெறும் இரைச்சல். எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது, மலை மறைத்தால் போய்விடும், மலை விலகினால் வேறு நிலையம் தெரியும். அதோடு, ஒரே நம்பரில் இரண்டு வந்தால் பலமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடுவது எஃப்.எம். ரேடியோவின் குணம். நம் வண்டிக்குள் இருக்கும் சுண்டைக்காய் டிரான்ஸ்மிட்டர் எங்கே ஜெயிக்கப் போகிறது? எதிரே லாரி இறங்கும்போது ஒரு கையால் ஸ்டீயரிங்கும் ஒரு கையால் நம்பர் பட்டனுமாக இருந்த அன்றே அதைப் பிடுங்கிப் போட்டேன்.

2009 மாடல் வண்டி என்னுடையது. ஸ்டீரியோவின் முகப்பில் ஆக்ஸ் என்று ஒரு சின்ன ஓட்டை, 3.5 மி.மீ. ஹெட்போன் பின் போகிற அளவு. இரண்டு பக்கமும் பின் உள்ள ஒயர் ஒன்று வாங்கினால் முடிந்தது வேலை. சிக்னலும் வேண்டாம், நம்பரும் வேண்டாம். (அதற்கு முன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டியபோது கேசட் வடிவத்தில் ஒயர் தொங்கும் அடாப்டர் வைத்திருந்தேன், அதுவும் பாடியது, ஆனால் கேசட்டின் மறுபக்கத்துக்குத் தானே மாறும் ஆட்டோ ரிவர்ஸ் செட்டில் போட்டால் படபடவென்று திருப்பிக்கொண்டே இருக்கும்.)

ஆக்ஸிலும் கோளாறு வரும், ஆனால் எல்லாம் கையில் சரிசெய்யக் கூடியது. சில சமயம் வாத்தியமெல்லாம் கேட்கும், பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவது போல் இருக்கும். ஒரு சவாரிக்காரர், "அண்ணே, பாட்டுக்காரர் இன்னைக்கு லீவா?" என்றே கேட்டார். காரணம் இதுதான். பின்னில் இடது, வலது, இரண்டுக்கும் பொதுவான எர்த் என்று பிரிந்திருக்கும். எர்த் சரியாகப் படாவிட்டால் இடதில் இருந்து வலதைக் கழித்த மிச்சம்தான் ஸ்பீக்கருக்குப் போகும். குரலைப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாகப் பதிவு செய்வதால் அது கழிந்து காணாமல் போகிறது. போன் கவர் தடிமனாக இருந்து பின் முழுசாக இறங்காததால்தான் பல நேரம் இப்படி ஆகிறது. கவரைக் கழற்றி அழுத்திச் செருகினால் பாட்டுக்காரர் வேலைக்கு வந்துவிடுவார்.

இன்னொன்று எனக்குச் செலவு வைக்கப் பார்த்தது. பாட்டோடு சேர்ந்து கொசு போல ஒரு சத்தம், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் சேர்ந்து ஏறும். ஒரு எலக்ட்ரீஷியன், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையே மாற்ற வேண்டும் என்றார், நானும் தலையாட்டிவிட்டேன். மறுநாள் வண்டிப்பெரியாற்றுக்குச் சவாரி வந்த கல்லூரிப் பையன் ஒன்றும் சொல்லாமல் போனில் இருந்து சார்ஜர் ஒயரை உருவினான், சத்தம் நின்றது. போன் சார்ஜர் வழியாகவும் வண்டி பாடியைத் தொடுகிறது, ஆக்ஸ் வழியாகவும் தொடுகிறது, இந்த இரட்டை எர்த் வழியாக ஆல்டர்னேட்டர் சத்தம் பாட்டில் கலக்கிறது. பாட்டு ஓடும்போது சார்ஜ் போடாமல் இருக்கலாம். முடியாதென்றால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்ன டப்பா கிடைக்கிறது, ஆக்ஸ் ஒயரின் நடுவில் மாட்ட வேண்டும்.

ஹெட்போன் ஓட்டையே இல்லாத போன்தான் இப்போது அதிகம். டைப்-சி அடாப்டர் வாங்குகிறவர்கள் அட்டையில் டி.ஏ.சி. (போனின் டிஜிட்டல் பாட்டை ஆக்ஸ் ஒயரில் போகிற சிக்னலாக மாற்றும் சிப்) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அது இல்லாத மலிவு அடாப்டர் பல போன்களில் பேசவே பேசாது.

புளூடூத் இருக்கிற ஸ்டீரியோ வைத்திருப்பவர்களும் ஸ்டாண்டில் புலம்புகிறார்கள். கால் வருகிறது, பாட்டு வரவில்லை என்பார்கள். போனில் அந்த ஸ்டீரியோ பெயருக்குப் பக்கத்தில் உள்ள அமைப்பைத் திறந்து 'மீடியா ஆடியோ' ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், பாதி வழக்கு அங்கேயே தீரும். சில பழைய செட்டுகள் பேசுவதற்கு மட்டுமே செய்தவை, அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். பென் டிரைவ் ஏறவில்லை என்றால் அநேகமாக அது பழைய செட்டுக்குப் புரியாத எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டில் இருக்கும், கம்ப்யூட்டரில் ஃபேட்32 ஃபார்மட்டுக்கு மாற்றிப் பாருங்கள் (உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் வேறு எங்காவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்). பழைய செட்டுகள் பல, நாம் காப்பி செய்த வரிசையில்தான் பாடும். சாமிமார்களை ஏற்றிப் போகிறவர்கள் ஐயப்பன் பாட்டை முதலில் காப்பி செய்வது உத்தமம்.

டச் ஸ்கிரீன் கெட்டது என்று நான் சொல்லவில்லை, மேப் பெரிதாகத் தெரிவது சபரிமலை சீசனில் உதவும்தான். ஆனால் பாட்டுக்காக மட்டும் நல்ல ஸ்டீரியோவைக் கழற்றச் சொல்வது அநியாயம். இந்தச் சின்னச் சின்ன வைத்தியங்களையும் அதே பக்கத்தில், கார்த்திகை பிறப்பதற்குள் போடுங்கள். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எங்கள் ஸ்டாண்டில் மூன்று பேர் கடையில் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் முன்பணமே கொடுத்துவிட்டார். அவரை விட்டுவிடுங்கள், மற்ற இருவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர்,
கம்பம், தேனி மாவட்டம்.