படலைத் திறந்துவிட்ட உங்களுக்கு

அன்பார்ந்த ஊர் மக்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் பிற்பகலில் எங்கள் தொடக்கப் பள்ளியின் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தோப்பில்தான் படிக்கிறார்கள். ஆண்டு முடியப்போகிறது. வழியில் பார்த்தபோதெல்லாம் வாயால் சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் தோப்புக்கார ஐயாவுக்கு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தபோது உங்கள் தென்னைகள் சாய்ந்து கிடந்ததை ஊரே பார்த்தது. அத்தனை இடத்திலும் மறுபடி தென்னையே வைத்திருக்கலாம். நீங்கள் பாதியில் புங்கன், நாவல், வேம்பு, இலுப்பை என்று கலந்து நட்டீர்கள். புயலுக்குத் தப்பிய கிழட்டுப் புளியும் புன்னையும் நடுவில் நின்றன. பிள்ளைகள் கிளையை ஒடித்துவிடுவார்களே என்று நான் தயங்கியபோது, "ஒடித்தால் துளிர்க்கும் டீச்சர்" என்றீர்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றேன். டென்மார்க், ஸ்வீடன் போன்ற நாடுகளில் மழையிலும் குளிரிலும் சின்னஞ்சிறு பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப்போகும் பள்ளிகள் பல பத்தாண்டுகளாக நடப்பதை அவரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: பாம்புக்கு என்ன வழி?

அந்தக் கேள்விக்கு விடை, வயல் வேலை முடித்து வந்து, நாங்கள் நுழைவதற்கு அரை மணி முன்பே கம்பால் தரையைத் தட்டிக்கொண்டு தோப்பைச் சுற்றிவந்த அண்ணன். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. கூலி என்று எதுவும் வாங்கிக்கொள்ளவும் இல்லை.

அப்பாயிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நடவுக்குப் போய்ப் போய்க் கூனிய முதுகோடு வந்து உட்கார்ந்து, குரும்பையில் ஈர்க்கைக் குத்தித் தேர் செய்யவும், கீற்று முடையவும் சொல்லிக்கொடுத்தீர்கள். பென்சிலை இறுக்கிப் பிடித்துத் தாளைக் கிழித்துக்கொண்டிருந்த பையனின் விரல்கள் முடைந்து முடைந்து இளகின. இன்று அவன் எழுத்தைப் படிக்க முடிகிறது. நொச்சியையும் ஆடாதொடையையும் கண்ணை மூடிக்கொண்டு மோந்தே சொல்லுகிறார்கள். முருங்கைக் கிளையையும் புளியங்கிளையையும் வளைத்துப் பார்க்கச் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? ஒன்று சடக்கென்று முறிந்தது, மற்றது வளைந்து நின்றது. புளியங்கொம்பைப் பிடித்தவன் என்று ஏன் சொல்கிறோம் என்பதை நான் இத்தனை ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேன். அன்று விளக்கத் தேவையே இருக்கவில்லை.

வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூடத் தலையை மட்டும் அசைக்கும் ஒரு பெண் இருக்கிறாள். நாவல் மரத்தில் முசுறு எறும்புக் கூட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் நின்றாள். நான் கூப்பிடப் போனபோது அப்பாயி கையமர்த்தினார். மறுவாரம் அவளே மற்றவர்களை அழைத்துப்போய்க் காட்டினாள்: பெரிய எறும்பு தன் புழுவை வாயில் கவ்விக்கொண்டு, அதன் நூலால் இலையோடு இலையைத் தைக்கிறது என்று. அது பாடநூலில் இருக்கும் செய்திதான். அவள் அதைக் கண்ணால் பார்த்துச் சொன்னாள்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போக அனுமதி வாங்கித் தந்த வனக்காப்பாளருக்கும், படகுக்கார அண்ணனுக்கும் நன்றி. சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மேலே எழுந்து மூச்சு வாங்குகிறது என்றதும், பிள்ளைகள் தாங்களும் மூக்கை உயர்த்தி மூச்சு வாங்கிப் பார்த்தார்கள். தில்லை மரத்தைக் காட்டி, இதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தொடாதே என்று ஒரே ஒரு முறை சொன்னீர்கள். ஒருவரும் தொடவில்லை. எங்கே எச்சரிக்க வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும் என்பதை உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன். நான் அதுவரை எல்லாவற்றுக்கும் "பார்த்து, பார்த்து" என்று கத்திக்கொண்டிருந்தவள்.

புளியமரத்திலிருந்து சறுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட பையனின் அப்பாவுக்கும் இங்கே சொல்ல வேண்டும். நீங்கள் வேகமாக வந்ததைப் பார்த்து நான் பயந்துபோனேன். காயத்தைக் கழுவிவிட்டு, எந்தக் கிளையிலிருந்து விழுந்தாய் என்று அவனிடம் கேட்டீர்கள். மறுவாரமும் அனுப்பினீர்கள். அன்று நீங்கள் வேண்டாம் என்றிருந்தால், இந்த வகுப்பு அதோடு நின்றிருக்கும்.

கடைசியாக, வேலிக்கு வெளியிலேயே நின்ற அம்மாவுக்கு. கஜா அன்று மரம் விழுந்து உங்கள் ஓட்டுவீடு நொறுங்கியது. மகள் அப்போது மடிப்பிள்ளை. மரத்தடியில் பிள்ளையை விட உங்களுக்கு எப்படி மனம் வரும்? ஆனாலும் அனுப்பிவிட்டு, மூன்று வாரம் படலைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான்காவது வாரம் உள்ளே வந்து புங்கன் நிழலில் உட்கார்ந்தீர்கள்.

போன வெள்ளிக்கிழமை கோடைமழைக்கு முன்னால் காற்று எழும்பியதே, அதை முதலில் கவனித்தவள் உங்கள் மகள்தான். காற்று வலுத்தால் வெட்டவெளிக்கு வந்துவிட வேண்டும் என்பது எங்கள் தோப்பின் முதல் விதி. அவள் அழவில்லை. கொம்பிலிருந்து நிதானமாக இறங்கி, சின்னவர்கள் இருவரைக் கையில் பிடித்துக்கொண்டு வயல் வரப்புக்கு வந்தாள். நீங்கள் எழுந்து ஓடாமல் அவள் வரும்வரை அங்கேயே நின்றீர்கள். அதற்கு நன்றி, அம்மா.

என்றும் நன்றியுடன்,
மூன்றாம் வகுப்பு ஆசிரியை