செயலாளரின் ஆண்டறிக்கை, 2025: ஒரு துப்பறியும் படமும் நான்கு மூத்த நடிகர்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மழையைப் பொருட்படுத்தாமல் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அங்கத்தினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் திரைப்பட மன்றத்தின் செயற்குழு வழக்கம்போல மாதந்தோறும் கூடியது. மாதத் திரையிடல்களும் தடையின்றி நடந்தன. கூட்ட நடவடிக்கைகள் பதிவேட்டில் இருக்கின்றன. விரும்புவோர் இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம். இந்த அறிக்கையின் பெரும்பகுதியை இவ்வாண்டின் ஒரே ஒரு திரையிடலுக்குத் தர உங்கள் அனுமதியைக் கேட்கிறேன். அந்த மாலையிலிருந்து பிறந்த ஒரு தீர்மானம் கடைசியில் உங்கள் வாக்குக்கு வருகிறது.

2025 சினிமாவை நேசிப்பவர்களுக்கு இழப்புகளின் ஆண்டு. பிப்ரவரியில் ஹாலிவுட் நடிகர் ஜீன் ஹேக்மன் தம் 95-ஆவது வயதில் மறைந்தார். மே மாதம் இயக்குநர் ராபர்ட் பென்டன் போனார், வயது 92. ஜூலை 14 அன்று நம் பி. சரோஜாதேவி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இரங்கல் தீர்மானம் எழுதி நிமிடநேரம் எழுந்து நிற்பதோடு முடித்துவிடக் கூடாது என்று செயற்குழுவில் ஒருமனதாகப் பேசினோம். கலைஞருக்குச் செய்யும் மரியாதை அவர் படத்தைப் போட்டுப் பார்ப்பதுதான்.

ஹேக்மனையும் பென்டனையும் சேர்த்து நினைவுகூர ஒரு படம் தேடினோம். 1967-இல் வந்த 'போனி அண்ட் கிளைட்' படத்தின் திரைக்கதையை எழுதிய இருவரில் பென்டன் ஒருவர். ஹேக்மன் அதில் நடித்துத்தான் முதன்முதலில் ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். அதையே போடலாம் என்பது பலருடைய எண்ணம். ஆனால் முப்பது ஆண்டு கழித்து இருவரும் மறுபடி சேர்ந்த படம் ஒன்று இருக்கிறது: 1998-இல் வந்த 'ட்வைலைட்'. வசூலில் எடுபடாத, இன்று அதிகம் பேசப்படாத படம். பென்டன் இயக்கியது, நாவலாசிரியர் ரிச்சர்ட் ரூஸ்ஸோவோடு சேர்ந்து எழுதியது. அதையே தேர்ந்தெடுத்தோம். பத்துப் பேர்கூட வரமாட்டார்கள் என்று சிலர் கவலைப்பட்டார்கள். கூடம் நிறைந்தது. கல்லூரி மாணவர்கள் சிலர் 2008-இல் வந்த, இதே பெயருள்ள ரத்தக்காட்டேரிப் படம் என்று நினைத்து வந்திருந்தார்கள். விஷயம் தெரிந்த பிறகும் அவர்கள் எழுந்து போகவில்லை, கலந்துரையாடல் முடியும்வரை இருந்தார்கள். இதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

வராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹாரி ராஸ் முன்னாள் போலீஸ்காரர், பிறகு தனியார் துப்பறிவாளர். குடியால் வாழ்க்கையைத் தொலைத்து மீண்டவர். வீட்டைவிட்டு மெக்சிகோவுக்கு ஓடிப்போன ஒரு பெண்ணைத் திரும்ப அழைத்துவரப் போகிறார், அங்கே தொடையில் குண்டு பாய்கிறது. அந்தப் பெண்ணின் தாயும் தகப்பனும் ஒரு காலத்தில் பெயர்பெற்ற நடிகர்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் ஹாரி அவர்கள் வீட்டு வளாகத்திலேயே ஒட்டிக்கொண்டு, சில்லறை வேலைகளைச் செய்துகொண்டு இருக்கிறார். நடிகருக்குப் புற்றுநோய். ஹாரியும் அவரும் சீட்டு விளையாடுகிறார்கள். ஒருநாள் நடிகர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து ஒரு முகவரியில் சேர்க்கச் சொல்கிறார். அங்கே போனால் குண்டடிபட்டுச் சாகக் கிடக்கும் ஒருவர். நடிகரின் மனைவியுடைய முதல் கணவர் இருபது ஆண்டுக்கு முன் காணாமற்போன வழக்கு அங்கிருந்து திறக்கிறது. கொலையாளி யார் என்று இங்கே எழுதமாட்டேன். படத்தை மறுபடி போட வேண்டும் என்ற கோரிக்கை வந்திருக்கிறது.

ஹாரியாக நடித்தவர் பால் நியூமன். நோயாளி நடிகராக ஹேக்மன். அவர் மனைவியாக சூசன் சரண்டன். ஹாரியின் பழைய போலீஸ் நண்பராக ஜேம்ஸ் கார்னர். சாகக் கிடப்பவராக எம். எம்மெட் வால்ஷ். படம் வெளிவந்தபோது நியூமனுக்கு 73, ஹேக்மனுக்கு 68, கார்னர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஓடிப்போகும் பெண்ணாக வரும் ரீஸ் விதர்ஸ்பூனுக்கு அப்போது இருபத்தொன்றுதான்.

இந்த நான்கு ஆண்களுமே முன்பு துப்பறிவாளர்களாக நடித்தவர்கள். நியூமன் 1966-இல் 'ஹார்ப்பர்' படத்தில் துப்பறிவாளர், 1975-இல் அதே பாத்திரமாக இன்னொரு படம். கார்னர் 1969-இல் மார்லோ என்ற துப்பறிவாளராக நடித்தார், பிறகு 1974 முதல் 1980 வரை தொலைக்காட்சியில் ராக்ஃபோர்ட் என்ற துப்பறிவாளராக அமெரிக்க வீடுகளுக்குள் உலாவினார். ஹேக்மன் 1975-இல் 'நைட் மூவ்ஸ்' படத்தில் தனியார் துப்பறிவாளர். வால்ஷ் 1984-இல் 'பிளட் சிம்பிள்' படத்தில் காசுக்கு எதையும் செய்யும் துப்பறிவாளர். பென்டன் இதைத் தெரிந்தே செய்தாரா என்ற கேள்வி கலந்துரையாடலில் எழுந்தது. என் எண்ணம்: நியூமனும் கார்னரும் ஒரே சட்டகத்தில் உட்கார்ந்து பழங்கதை பேசும்போது, அவர்களுடைய இளமைக்காலப் படங்களைப் பார்த்தவனுக்கு அந்தப் பழங்கதை வசனத்தில் மட்டும் இல்லை. இருபத்தைந்து வயது நடிகனுக்கு நரைச்சாயம் பூசி இதை வாங்க முடியாது. இந்தக் கதையில் சந்தேகம் விழுவதெல்லாம் நண்பர்கள்மேல். துப்பு துலங்கத் துலங்க ஹாரிக்கு மிஞ்சும் சொந்தம் ஒவ்வொன்றாகக் குறைகிறது. அந்த வயதில் புதிதாக நண்பர்களைச் சேர்க்க முடியாது என்பது நியூமனின் நடையிலேயே தெரிகிறது. கொலையாளியைப் பிடிக்கும் சந்தோஷம் இந்தப் படத்தில் யாருக்கும் இல்லை.

நம் அங்கத்தினரான ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி ஒருவர் அன்று பேசியதை அப்படியே பதிவு செய்கிறேன்: "சர்வீஸ்ல இருக்கும்போ கேசத்தான் பாத்தேன். ரிட்டயர் ஆனப்பொறவுதான் ஆளப் பாக்க ஆரம்பிச்சேன், கேட்டியளா. இந்த மனுசன் ரெண்டையும் ஒண்ணா பாக்குகாரு, அதான் தூக்கமில்ல." அவர் உட்கார்ந்த பிறகு கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை. தக்கலையிலிருந்து வரும் மூத்த செவிலியர், ஹேக்மனின் பாத்திரம் தன் நோயைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறது என்பதைக் கவனிக்கச் சொன்னார். தம் பணிக்காலத்தில் அப்படிப்பட்ட ஆண்களை நிறையப் பார்த்ததாகவும் சொன்னார்.

நுவார் என்று 1946-இல் பிரெஞ்சு விமர்சகர்கள் பெயரிட்ட இந்த வகை இருண்ட குற்றப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில், இரவில் நடப்பவை. சன்னல் தட்டிகளின் நிழல் கோடுகோடாகச் சுவரில் விழும். பாதி முகம் இருட்டில் நிற்கும். பில்லி வைல்டர், ஃபிரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக் என்று ஜெர்மனியிலிருந்து ஹாலிவுட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் இந்த வெளிச்சமுறையைக் கையோடு கொண்டுவந்தார்கள். 'ட்வைலைட்' வண்ணப்படம். ஒளிப்பதிவாளர் போலந்துக்காரரான பியோத்தர் சொபொசின்ஸ்கி, அந்நாட்டு இயக்குநர் கிஸ்லோவ்ஸ்கியின் 'சிவப்பு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். லாஸ் ஏஞ்சலஸின் பகல் வெயிலைக்கூட இவர் சாயங்காலம்போல ஆக்கிவிடுகிறார். 2001-இல் இளம் வயதிலேயே இறந்துபோனார் என்பது வருத்தம்.

இந்த இடத்தில் நம் கூடத்தின் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இருட்டை நம்பி எடுத்த படத்துக்குக் கூடமும் இருட்டாக இருக்க வேண்டும். நம் புரொஜெக்டருக்குக் கறுப்பைக் காட்ட வழி கிடையாது. திரையில் ஒளி படாத இடம் எவ்வளவு கறுப்பாகத் தெரியும் என்பது அறையில் இருக்கும் வெளிச்சத்தைப் பொறுத்தது. பிற்பகல் காட்சியில் மேற்குச் சன்னல் வழியே வெயில் வந்தால் நிழற்காட்சிகள் எல்லாம் சாம்பலாகிவிடும். ஆனி ஆடிச் சாரலில் வானம் மூடியிருந்தால் சமாளிக்கலாம், மாசி பங்குனியில் முடியாது. இரவுக் காட்சி வைத்தால் குளச்சல், மார்த்தாண்டம், திங்கள்நகர் பக்கம் போகிறவர்களுக்குக் கடைசிப் பேருந்து கவலை. பெண் அங்கத்தினர்கள் பாதிப் படத்தில் எழுந்து போக நேர்வது நியாயமில்லை. எனவே இம்முறை இளைஞர்கள் சன்னல்களுக்குக் கறுப்புத் துணி இரண்டு மடிப்பாகத் தைத்து மாட்டினார்கள். வித்தியாசம் எல்லாருக்கும் தெரிந்தது. துணிச்செலவு வரவு செலவில் காட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குப் பொதுக்குழு கைதட்டிப் பாராட்ட வேண்டும்.

இதே தொடரில் 'அந்த நாள்' போட்டோம். 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏ.வி.எம். எடுத்த படம். பாட்டே கிடையாது. தொடக்கத்திலேயே கதாநாயகன் சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார். ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு அஞ்சிய சென்னையில் ஒவ்வொருவரும் சொல்லும் கதையில் அவர் வேறுவேறு ஆளாக வருகிறார். சி.ஐ.டி.யாக வந்த ஜாவர் சீதாராமனே திரைக்கதை வசனம் எழுதியவர். பண்டரிபாயின் முகத்தில் ஒளிப்பதிவாளர் எஸ். மாருதிராவ் விழவைத்த நிழல்களைப் பார்த்துவிட்டு, 'இதையெல்லாம் நாம் முன்னமே செய்துவிட்டோமே' என்று ஒரு மாணவர் வியந்தார். ஆமாம், செய்துவிட்டோம். தொடர்ந்து செய்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

சரோஜாதேவி அஞ்சலியாக 'புதிய பறவை'. 1958-இல் வந்த ஒரு பிரிட்டிஷ் படம் 1963-இல் வங்காளிக்கு வந்து, அங்கிருந்து 1964-இல் தாதா மிராசி இயக்கத்தில் தமிழுக்கு வந்த கதை. கடைசிப் பத்து நிமிடத்தில் சரோஜாதேவி என்ன செய்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு முதலிலிருந்து பார்த்தால் அவர் நடிப்பின் கனம் புரியும். கொஞ்சிப் பேசும் நாயகி என்று அவரை ஒதுக்கியவர்களுக்கு இது போதுமான பதில்.

அன்று நம் மூத்த அங்கத்தினர் ஒருவர் கலைவாணர் பேச்சை எடுத்தார். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணனை நாம் சிரிப்போடு மட்டும் நினைக்கிறோம். நட்சத்திரங்களின் அந்தரங்கம் என்று எழுதிக் காசு பறித்ததாகச் சொல்லப்பட்ட பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரோடு நம் ஊர்க்காரரும் கைதாகி ஆயுள்தண்டனை பெற்றார். அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், உயர்நீதிமன்றம் மறுபடி விசாரித்து, 1947-இல் இருவரும் விடுதலையானார்கள். கொன்றது யார் என்பது இன்றுவரை துலங்கவில்லை. மிரட்டல் கடிதம், புகழ்பெற்ற நடிகர்கள், பழைய பிணம் என்று 'ட்வைலைட்' காட்டும் உலகம் லாஸ் ஏஞ்சலஸுக்கு மட்டும் சொந்தமில்லை என்று அந்தப் பெரியவர் சொன்னபோது இளைஞர்கள் பலர் இந்த வரலாற்றை முதன்முறையாகக் கேட்டார்கள். வெளியே வந்தபிறகும் கலைவாணர் நடித்தார், படம் எடுத்தார், அள்ளிக் கொடுத்தார், 1957-இல் மறைந்தார். சிறைக்குப் பிந்தைய அவர் முகத்தைத் தனியாகப் பார்க்க ஒரு மாலை ஒதுக்க வேண்டும்.

தமிழில் மூத்த நடிகருக்கு நாம் கொடுப்பது தகப்பன் வேடம், நீதிபதி வேடம், இரண்டாம் காட்சியில் மாலைபோட்ட புகைப்படம். இந்த வழக்கம் எனக்கு ஏற்பில்லை. 2016 கடைசியில் இருபது வயதைத் தாண்டியிருந்த கார்த்திக் நரேன் 'துருவங்கள் பதினாறு' படத்தில் ரகுமானை, காலை இழந்து ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரியாக நடுவில் நிறுத்தினார். ஜனங்கள் பார்த்தார்கள், கொண்டாடினார்கள். ஆகவே ரசிகர்கள்மேல் பழிபோட முடியாது. அடுத்த தலைமுறையில் படம் எடுக்கப் போகிற பிள்ளைகள் நம் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. நூலகத்துக்கு அங்கத்தினர்கள் அன்பளிப்பாகத் தந்த பழைய சினிமாப் பத்திரிகைகள் அட்டையிட்டு அடுக்கப்பட்டுள்ளன. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும். தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். கூடம் தந்து உதவியவர்களுக்கும், ஒவ்வொரு காட்சிக்கும் கட்டன் சாயாவும் முந்திரிக்கொத்தும் சொந்தச் செலவில் கொண்டுவந்த அங்கத்தினர்களுக்கும், ஆங்கிலப் படங்களுக்குத் தமிழில் கதைக்குறிப்பு எழுதித் தந்த ஆசிரியருக்கும் நன்றி.

செயற்குழு பரிந்துரைக்கும் தீர்மானம் இது: வரும் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மூத்த நடிகர்களை மையமாகக் கொண்ட ஒரு துப்பறியும் படம் இரவுக் காட்சியாகத் திரையிடப்பட வேண்டும். முதல் காட்சி 'ட்வைலைட்' மறுதிரையிடல். இரண்டாவது, கலைவாணர் மாலை. காட்சி முடிந்ததும் தொலைவிலிருந்து வரும் அங்கத்தினர்களை வீடு சேர்க்க வேன் ஏற்பாடு செய்ய வேண்டும், அதன் செலவை மன்ற நிதியே ஏற்க வேண்டும்.

இவ்வறிக்கையையும் தீர்மானத்தையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் எழுந்து பெயரைச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
நாகர்கோவில்