டாமி ஜான் சிகிச்சை பந்துக்கு வேகம் தருமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் பேஸ்பால் கட்டுரையில், முழங்கையில் அறுந்த நாருக்குப் பதில் உடலின் வேறொரு நாரை வைத்துக் கட்டும் டாமி ஜான் அறுவை சிகிச்சையைச் செய்துகொண்ட பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) முன்பைவிட வேகமாகப் பந்து எறிவார்கள் என்று ஒரு வரி வந்திருந்தது. அமெரிக்காவில் பெற்றோர் பலரும் இதை நம்புகிறார்கள். தவறான நம்பிக்கை. பதின்வயதுப் பிள்ளைகளின் முழங்கை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தச் சிகிச்சைக்குப் பெயர் தந்த டாமி ஜான் இடக்கை பிட்சர். 1974 ஜூலையில், டாட்ஜர்ஸ் அணிக்காக 13 வெற்றி, 3 தோல்வி என்று கொடிகட்டிப் பறந்த நேரத்தில், முழங்கை எலும்புகளைப் பிணைக்கும் நாரான உட்புற லிகமென்ட் அறுந்தது. அந்தக் காலத்தில் அதற்கு மருத்துவமே இல்லை. செப்டம்பர் 25 அன்று டாக்டர் ஃபிராங்க் ஜோப், அவரது வலது முன்கையிலிருந்து தசையை எலும்போடு இணைக்கும் ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டு, 8 போலக் கோத்து இழுத்துக் கட்டினார்.

அந்தத் தசைநாணை உங்கள் கையிலேயே பார்க்கலாம். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து, மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்குங்கள். நடுவில் கயிறு போலப் புடைத்து நிற்பதுதான் அது. சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. அதனால் கைக்கு ஒரு குறையும் வருவதில்லை. துணிந்து எடுப்பதும் அதனால்தான். இல்லாதவர்களுக்குத் தொடைப்பகுதித் தசைநாணை எடுப்பார்கள்.

இப்படிக் கட்டிய ஒட்டு, மூட்டு உட்பக்கம் பிளந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதன் வேலை அவ்வளவே. பந்தின் வேகம் காலில் பிறந்து, இடுப்பும் முதுகும் திரும்பி, தோள் வழியாகக் கைக்கு வருவது. சிகிச்சைக்குப் பிறகு ஒருவர் வேகமாக எறிகிறார் என்றால், ஓராண்டுக்கு மேல் கிடைத்த ஓய்வும், அந்த நாட்களில் கால், இடுப்பு, தோள் தசைகளுக்குக் கொடுத்த பயிற்சியுமே காரணம். அதற்குக் கையைக் கிழிக்க வேண்டியதில்லை.

டாமி ஜானையே பாருங்கள். சிகிச்சைக்குப் பின் முழங்கை நரம்பு பாதிக்கப்பட்டு, மறுபடியும் கத்தி வைக்க வேண்டியிருந்தது. 1975 முழுக்க ஆடவில்லை. 1976இல் திரும்பி வந்து 10 வெற்றி, 10 தோல்வி. 1977இல் 20 வெற்றி. 1989இல் 46 வயதில் ஓய்வுபெற்றபோது மொத்தம் 288 வெற்றிகள். அதில் 164 சிகிச்சைக்குப் பிறகு வந்தவை. ஆனால் அவர் வேகத்தை நம்பிய பிட்சரே இல்லை. அடிப்பவர் நிற்கும் தட்டின் அருகே தாழ்ந்து இறங்கும் சிங்கர் பந்துதான் அவரது ஆயுதம். அடிப்பவர் மட்டையை வீசினாலும் பந்து தரையில்தான் உருளும்.

நம் வாசகர்களுக்குக் கிரிக்கெட் பழக்கம். அங்கே பந்துவீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது; வேகப்பந்து வீச்சாளர்களுக்குப் பெரும்பாலும் முதுகில்தான் காயம் வரும். பிட்சரோ முழங்கையை மடக்கி, முன்கையைப் பின்னால் சாய்த்து, சாட்டை போலச் சுண்டுகிறார். சாய்ந்த முன்கை முன்னே திரும்பத் தொடங்கும் அந்தக் கணத்தின் இழுவிசையை உட்புற லிகமென்ட் தாங்குகிறது. ஓய்வின்றித் திரும்பத் திரும்ப எறிந்தால் அது நைந்து, ஒருநாள் அறும்.

அமெரிக்காவின் 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டுதல் 15, 16 வயதினருக்கு ஒரு நாளைக்கு 95 எறிகள்தான் என்கிறது. 76 எறிகளைத் தொட்டால் 4 நாள் ஓய்வு. ஆண்டில் 4 மாதங்களாவது பிட்சிங் கூடாது. கணக்கு எங்கே தவறுகிறது? பையன் இரண்டு அணிகளுக்கு ஆடுவான். ஒரு பயிற்சியாளர் எண்ணியது மற்றவருக்குத் தெரியாது. பிட்சிங் முடிந்ததும், அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சராக நிறுத்துவார்கள். அங்கும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிய வேண்டும். கை சோர்ந்த பிறகும் வேகமானியைப் பார்த்துக்கொண்டு எறிய வைப்பது எல்லாவற்றிலும் கொடுமை.

சிகிச்சை செய்தாலும் திரும்ப ஆட 12 முதல் 18 மாதங்கள் ஆகும். ஒட்டும் மறுபடி கிழியலாம். இரண்டாம் முறை கத்திக்குப் போன பிட்சர்கள் பலர் உண்டு.

அந்த வரியைத் திருத்தி அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விளையாட்டு இயன்முறை மருத்துவர் ஒருவர்,
திருச்சி