இயற்கை நோக்கர் சங்கம்: 2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பறவை பார்க்கும் நடை குறைந்துபோனது உண்மைதான். மழை ஒரு காரணம், இன்னொன்று நான். போன பொதுக்குழுவில் அதிவேக கேமரா வாங்கியே தீருவது என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு, விலையைக் கேட்டதும் வாயடைத்துப்போய், சரி, கையிலிருக்கும் போனிலேயே நொடிக்கு 240 பிரேம் (தனித்தனிப் படம்) வீதம் ஸ்லோமோஷன் எடுத்து விலங்குகளின் அசைவைப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம் அல்லவா, ஆண்டு முழுக்க நடந்தது அதுதான்.

முதல் முயற்சி படுதோல்வி. பல்லி பூச்சி பிடிப்பதை ராத்திரி டியூப் லைட்டில் எடுத்தோம், ஓட்டிப் பார்த்தால் பல்லியைவிட வெளிச்சம்தான் அதிகம் ஆடுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சோக் வைத்த பழைய டியூப் லைட் நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்து எரிகிறது, கண்ணுக்குத் தெரியாத அது வீடியோவில் தெரிந்துவிடுகிறது. அப்புறம் எல்லாமே பகல் வெயிலில்தான்.

தட்டான் நன்றாக வந்தது. நொடிக்கு 30, 40 முறைதான் சிறகடிக்கும் என்பதால் ஓர் அடிப்புக்கு ஆறு பிரேமாவது தேறுகிறது. ஏரிக்கரையில் அந்தரத்தில் நின்றபோது முன்சிறகும் பின்சிறகும் சேர்ந்து அடிக்காமல் மாறி மாறி அடித்ததைப் பார்த்தோம். ஈயிடம் தோற்றோம், அதற்கு நொடிக்குச் சுமார் 200 அடிப்பு, ஓர் அடிப்புக்கு ஒரு பிரேம்தான் தேறும். சிறகு நிதானமாக அசைவது போலத் தெரிந்தால் அது பொய்த்தோற்றம், தயவுசெய்து யாரிடமும் பெருமையாகக் காட்ட வேண்டாம். அணில் தாவியதும் அழகுதான், ஆனால் பக்கத்தில் ஸ்கேல் வைக்காததால் எவ்வளவு தூரம் என்று சொல்ல வழியில்லை.

அமைந்தது பூனைதான். பொருளாளர் அம்மா வீட்டுத் திண்ணை, காலை வெயில், ஒரு தட்டுப் பால். நாக்கைக் கரண்டி மாதிரி வளைத்துப் பாலை அள்ளும் என்று நான் பந்தயமே கட்டியிருந்தேன். அள்ளவில்லை. நாக்கின் நுனி பின்பக்கமாக மடங்கி, பாலை மேலாகத் தொட்டுவிட்டு விருட்டென்று ஏறுகிறது, கூடவே பாலும் கம்பி மாதிரி எழும்புகிறது, அது கீழே விழுவதற்குள் வாய் மூடிக்கொள்கிறது. ஒரு நக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 65 பிரேம், அதாவது நொடிக்கு நாலுக்குக் கொஞ்சம் குறைவு. 2010-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிவேக வீடியோ எடுத்துச் சொன்னதும் இதையேதான், அதுவும் அவர்களில் ஒருவர் தன் வீட்டுப் பூனையைக் கவனித்ததில் தொடங்கிய வேலை. நாயையும் எடுக்கப் பார்த்தோம், அது போனையே நக்கிவிட்டது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பந்தயத்தில் நான் தோற்ற 50 ரூபாய் நன்கொடைக் கணக்கில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்