கணக்கு நோட்டோடு வா, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று நாளாக என் போனை நீ எடுக்கவில்லை. நேற்று ராத்திரி உன் பெண்டாட்டிதான் பேசினாள். தையல் மெஷின் எல்லாம் துணி போட்டு மூடிக் கிடக்கிறதாம். விடிய விடிய மொட்டை மாடியில் நடக்கிறாயாம். கடன் எவ்வளவு என்று கேட்டால் "பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறாயாம். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய். எழுதினால் கடைசி வரி வரை படிப்பாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தானே நீ.

ஆர்டர் நின்றது உன் தப்பு இல்லைடா. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளே தடுமாறிப் போயின. அவர்களிடம் ஜாப் வொர்க் வாங்கிப் பத்து மெஷினில் தைத்துக் கொடுக்கிற நீ என்ன செய்திருக்க முடியும்? "எல்லாம் நன்மைக்கே" என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் காதில் வாங்காதே. கஜா புயல் நம் தென்னந்தோப்பைச் சாய்த்த சமயத்தில் அப்பாவிடம் அப்படிச் சொன்னவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அந்த வருஷம் நீ மூன்றாம் நாளே மெழுகுவத்தியும் தண்ணீர் கேனும் தூக்கிக்கொண்டு வந்தாய். ரெண்டு நாள் இருந்தாய், வேலை இருக்கிறதென்று திருப்பூர் திரும்பினாய். அதற்கப்புறம் அப்பா எப்படி இருந்தார் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இன்றைக்கு அதை மீறுகிறேன்.

2018 நவம்பர் 16 காலையில் கொல்லைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தவர், பதினோரு நாள் தோப்புக்குள் கால் வைக்கவில்லை. தோப்பு தெரியாதபடி நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குலையோடு சாய்ந்த மரங்களில் இளநீர் புளித்து, அந்த நாற்றம் வீடு வரைக்கும் வந்தது. கரண்ட் இல்லை, ராத்திரியில் பேச்சும் இல்லை. எத்தனை மரம் போச்சு என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "எல்லாம் போச்சு."

மரத்துக்கு 600 ரூபாய், விழுந்ததை வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 என்று அரசு அறிவித்தது. கணக்கெடுக்க வி.ஏ.ஓ. வருகிறார், எண்ணிக்கை தயாராக இருக்கட்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் நான் பையனின் நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு தனியாகத் தோப்புக்குள் போனேன். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த மரத்தில் எது எந்த வரிசை என்றே எனக்குப் புரியவில்லை. எண்ணியதையே திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். "அது ரெண்டாவது வரிசை, அதை ஏற்கெனவே எழுதிட்டே" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. அப்பா வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அவர்தான் எண்ணினார். ஒவ்வொரு மரத்தையும் அரிவாளின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டி, நம்பரைச் சொல்லுவார். நான் எழுதுவேன். நாலாவது வரிசையில் தாத்தா வைத்த மரம் ஒன்று வேரோடு மல்லாந்து கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நம் அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நான் ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் நின்றேன். பிறகு எழுந்து, "எழுபத்தாறு, எழுது" என்றார்.

210 மரத்தில் 187 போயிருந்தது. 23 நின்றது. பதினோரு நாளாக "எல்லாம்" என்று சொன்ன மனுஷன் அன்று ராத்திரி அம்மாவிடம், "இருபத்து மூணு நிக்குதுடி" என்றார். அன்றைக்குத்தான் ரெண்டாம் தடவை சோறு போடச் சொல்லிக் கேட்டார்.

உனக்கு நான் சொல்ல வந்தது இதுதான் தம்பி. நீ இன்னும் எண்ணவில்லை. பேங்க் எவ்வளவு, பைனான்ஸ் எவ்வளவு, நகை எங்கே எவ்வளவுக்கு இருக்கிறது, கைமாத்து யாரிடம், வட்டி என்ன என்று நீ எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவள் சொல்லித் தெரிந்தது. எழுதாத வரைக்கும் அது "எல்லாம் போச்சு" என்றுதான் ராத்திரியில் வந்து நெஞ்சில் உட்காரும்.

அப்பாவும் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடவில்லை. தாத்தா வைத்த மரத்தையும் பக்கத்தில் கிடந்தவற்றையும் அறுக்க மனசு வராமல் தோப்பு மூலையிலேயே போட்டு வைத்தார். மக்கிப் போன தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். அடுத்த வருஷம் வேப்பங்குளம் ஆராய்ச்சிப் பண்ணைக்கு நடையாய் நடந்து வாங்கி வைத்த கன்றுகளின் குருத்தை அந்த வண்டே துளைத்தது. விரிந்த மட்டையெல்லாம் கத்தரியால் வெட்டினாற்போல இருந்தது. அதற்கப்புறம்தான் தண்டை அறுத்து எரித்தார். ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணீரில் ஊறவைத்துப் பானை பானையாய்த் தோப்பில் வைத்தோம். காலையில் ஒவ்வொரு பானையிலும் வண்டு மிதக்கும். உன் ஷெட்டில் ஓடாமல் நிற்கிற ரெண்டு பழைய மெஷினைப் பற்றி அவள் சொன்னபோது எனக்கு அந்த மூலைதான் ஞாபகம் வந்தது. விற்கிறதை விற்றுவிடு. வாடகை குறையும்.

கன்று காய்க்கிறவரை சாப்பாட்டுக்கு என்ன வழி என்று நீ அப்போது கேட்டாய் இல்லையா? உளுந்து விதைத்தார். எழுபது நாளில் கையில் காசு. பெரிய காசில்லை, மளிகைக்கும் கரண்ட் பில்லுக்கும் ஆச்சு. அந்த மாதிரி ஒன்று உனக்கும் வேண்டும். பள்ளிக்கூட யூனிபார்மோ நைட்டியோ, உள்ளூரில் விற்கிறது எதுவானாலும் ரெண்டு மெஷினை மட்டும் ஓட்டு. கவுரவம் பார்க்காதே.

தூக்கம் வராமல் மனசு எங்கெங்கோ போகிறது என்றால் அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடு. ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. இல்லையென்றால் என்னைக் கூப்பிடு. நான் போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன்.

அப்பா முழுசாகத் தேறிவிட்டார் என்று பொய் சொல்ல மாட்டேன். ஐப்பசி கார்த்திகையில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே எழுந்து டார்ச்சோடு தோப்புக்குப் போய்விடுவார். ஆனால் இந்த வருஷம் கன்றுகளில் பாதிக்குமேல் பாளை விட்டிருக்கிறது. விருந்தாளி வந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறு. அவளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. விடியற்காலை பேராவூரணி பஸ் ஸ்டாண்டில் அத்தான் வண்டியோடு நிற்பார். உன்னிடம் இருக்கிற ரசீது, பாஸ்புக், அடகுச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்து வா, பிரித்து அடுக்க வேண்டாம். அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அவன் சொல்லச் சொல்ல நான் எழுதறேன், வரச் சொல்லு" என்றார்.

உன் அக்கா